கன்னத்திற்குள் ஒரு காற்றறை

பல்லைப் பிடுங்கினால் இரத்தம் வரும், வலி வரும், வீக்கமும் வரும். இவை எல்லோரும் அறிந்தவையே. ஆனால் வாயில் ஊற்றிய நீராகாரம் மூக்கின் வழியே வருமா? வரும் என்பதை எக்கியார்குப்பத்தில், எங்களுள் ஒருத்தியின் பெரியம்மா வாயிலாக நாங்கள் அறிந்துகொண்டோம்.

பெரியம்மா கடற்கரையில் மீன் காய வைப்பவர். உப்புக் காலத்தில் மரக்காணம் உப்பளத்திற்குக் கூலி வேலைக்கும் செல்வார். அவருக்கு மேல்வரிசையில் இடப்புறக் கடைவாய்ப் பல் ஒன்று நெடுநாளாகச் சொத்தை. கிராம்பு வைத்தும், உப்புநீர் கொப்பளித்தும் காலம் தள்ளிவந்தவர், வலி பொறுக்க முடியாத ஒரு நாளில் பக்கத்து ஊர் ஒன்றிற்குச் சென்று அதைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார். எக்ஸ்ரே எதுவும் எடுக்கவில்லை. மறுநாள் காலை நீராகாரம் குடித்தபோது அதில் ஒரு பங்கு இடது மூக்கிலிருந்து ஒழுகிற்று. "மூளைக்கு ஓட்டை விழுந்துடுச்சு" என்று அவர் தாமே முடிவு கட்டிக்கொண்டார். வெளியில் சொன்னால் வீடே அழும் என்று யாரிடமும் சொல்லவுமில்லை. மூன்று வாரம் தலையை ஒரு பக்கமாய்ச் சாய்த்தே சாப்பிட்டிருக்கிறார். மூக்கிலிருந்து துர்நாற்றம் வரத் தொடங்கிய பிறகுதான் வீட்டார் கேட்டுத் தெரிந்துகொண்டு அவரைப் புதுச்சேரிக்கு அழைத்துச் சென்றனர்.

அங்கே ஒரு டாக்டர் அம்மா அவரை உட்கார வைத்து, மூக்கை விரல்களால் மூடிக்கொண்டு மெல்ல ஊதச் சொன்னார். பல் இருந்த குழியில் நீர்க்குமிழி எழுந்தது. "மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை அம்மா. உங்கள் கன்னத்திற்குள் ஓர் அறை இருக்கிறது. அதன் தரை உடைந்திருக்கிறது, அவ்வளவுதான்" என்றார். கன்னத்திற்குள் அறையா என்று பெரியம்மா வியந்ததைப் போலவே நாங்களும் வியந்தோம். பின் எங்கள் உயிரியல் ஆசிரியையிடம் கேட்டும், நூல்களைப் புரட்டியும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

நம் முக எலும்புகளுள் காற்று நிறைந்த அறைகள் நான்கு சோடி உள்ளன. புருவத்திற்கு மேலே ஒரு சோடி, கண்களுக்கு இடையே ஒரு சோடி, இன்னும் ஆழத்தில் மண்டையோட்டின் அடிப்பகுதியில் ஒரு சோடி, கன்னங்களுக்குள் ஒரு சோடி. இவற்றைத்தான் சைனஸ் என்கிறோம். கன்னத்துச் சைனஸே இவற்றுள் பெரியது. வளர்ந்தவர்களுக்கு அதன் கொள்ளளவு ஏறத்தாழ 15 மில்லிலிட்டர், அதாவது மூன்று தேக்கரண்டி நீர் கொள்ளும் இடம். பிறந்த குழந்தைக்கு இது மிகச் சிறியதாக இருந்து, பால்பற்கள் விழுந்து நிலையான பற்கள் முளைக்க முளைக்கப் பெரிதாகிறது. உள்ளே மெல்லிய ஈரச்சவ்வு ஒன்று சுவரொட்டி போலப் படிந்திருக்கிறது.

இந்த அறையின் அமைப்பில் ஒரு விந்தை உண்டு. உப்பளத்தில் பாத்திக்கு மடை எங்கே வைப்பார்கள்? நீர் தானாக ஓடும் தாழ்ந்த இடத்தில்தானே? கன்னத்துச் சைனஸிற்கோ மடை கூரைக்கு அருகில், மூக்கின் பக்கச் சுவரில் இருக்கிறது! அறையில் ஊறும் சளி தானாக வடிந்து வெளியேற வழியில்லை. சவ்வின் மேல் உள்ள கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் ஓயாமல் அசைந்து அதை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டேயிருக்கின்றன. சளி பிடித்து மடை அடைத்துக்கொண்டாலோ, கீழிருந்து அழுக்குப் புகுந்தாலோ உள்ளே தேங்கியது சீழாகிவிடும். பெரியம்மாவுக்கு நேர்ந்ததும் அதுவே.

சரி, இந்த அறைக்கும் பல்லுக்கும் என்ன தொடர்பு? அறையின் தரையே மேல்தாடையின் கடைவாய்ப் பற்கள் ஊன்றி நிற்கும் எலும்புதான். வேர்களுக்கும் அறைக்கும் நடுவே சிலருக்கு நல்ல கனமான எலும்பு இருக்கும். சிலருக்கோ முட்டை ஓடு போன்ற மெல்லிய எலும்பே இருக்கும். வேர் நுனியின் மேல் எலும்பே இல்லாமல் சவ்வு மட்டும் மூடியிருப்பதும் உண்டு. பொதுவாக மேல்வரிசை இரண்டாம் கடைவாய்ப் பல்லின் கன்னப்புற வேர்களே அறைக்கு மிக அருகில் நிற்கின்றன. பாத்திக்கும் பக்கத்து வாய்க்காலுக்கும் நடுவே உள்ள வரப்பு எவ்வளவு கனம் என்று தெரியாமல் அதில் நட்ட முளையை ஆட்டிப் பிடுங்கினால் என்ன ஆகும் என்பதை எங்கள் ஊர்ப் பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பெரியம்மாவின் அச்சம் புதியதன்று என்பதை ஒரு பழைய செய்தியிலிருந்து அறிந்து மகிழ்ந்தோம். இத்தாலி நாட்டு லியொனார்டோ டா வின்சி 1489-ஆம் ஆண்டிலேயே மண்டையோட்டை அறுத்து இந்த அறையை வரைந்து வைத்திருந்தார். ஆயினும் அவர் ஓவியங்கள் நெடுங்காலம் உலகறியாமல் கிடந்தன. 1651-இல் இங்கிலாந்து மருத்துவர் நத்தானியேல் ஹைமோர் தம் உடற்கூற்று நூலில் இதை விரிவாக எழுதினார். அதனால் ஹைமோரின் குகை என்றே இதற்கு ஒரு பெயர் உண்டு. அந்நூலில் அவர் ஒரு சீமாட்டியைப் பற்றிச் சொல்கிறார். மேல்வரிசைக் கோரைப்பல்லைப் பிடுங்கிய குழியிலிருந்து அவருக்கு ஓயாமல் நீர் வடிந்தது. காரணம் அறிய அவரே ஒரு வெள்ளி ஊசியை உள்ளே விட்டுப் பார்த்தார். அது தடையின்றி மேலே சென்றது. பிறகு இழைகளை உரித்த இறகின் தண்டை விட்டார். அதுவும் சென்றது. மூளை வரை போய்விட்டதென்று நடுங்கிப்போய் மருத்துவரிடம் ஓடிவந்தார். இங்கிலாந்துச் சீமாட்டிக்கும் எக்கியார்குப்பத்துப் பெரியம்மாவுக்கும் முந்நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. அச்சம் மட்டும் ஒன்றே! ஹைமோரிடம் அந்தச் சீமாட்டிக்குக் காட்ட எக்ஸ்ரே படம் எதுவும் இல்லை. பெரியம்மாவுக்கு இருந்தது.

ஜெர்மானிய விஞ்ஞானி இராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தது 1895 நவம்பரில். அடுத்த மாதமே தம் மனைவியின் கையைப் படம் பிடித்தார். விரல் எலும்புகளும் மோதிரமும் தெரியும் அந்தப் படத்தை நம் பாடநூல்களில் கண்டிருப்போம். 1896 சனவரியில் ஆட்டோ வால்க்காஃப் என்ற ஜெர்மானியப் பல் மருத்துவர் தம் பற்களையே படம் பிடித்துக்கொண்டார். அதற்காக அவர் 25 நிமிடம் அசையாமல் கிடக்க வேண்டியிருந்தது. இன்று அதே படத்திற்கு ஒரு விநாடிகூட ஆவதில்லை. அந்த முன்னோடிகள் கதிரின் தீமையை அறியவில்லை. அமெரிக்காவில் பல் எக்ஸ்ரேயைப் பரப்பிய எட்மண்ட் கெல்ஸ் என்னும் மருத்துவர், பல ஆண்டுகள் படத்தகட்டைத் தம் கையாலேயே பிடித்திருந்ததன் பயனாக முதலில் விரல்களையும் பின்னர் கையையும் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். பல்வலிக்காரர்களுக்குப் பாதுகாவலி, கி.பி. 249-இல் அலெக்சாந்திரியாவில் பற்கள் உடைக்கப்பட்டு வேதசாட்சியான புனித அப்போலோனியா என்று நாம் அறிவோம். பிப்ரவரி 9-ஆம் நாள் அவர் திருநாள். அன்று கெல்ஸ் போன்றவர்களுக்காகவும் ஒரு செபம் சொல்லலாம் என்று எங்களுக்குத் தோன்றியது.

பல் மருத்துவர் எடுக்கும் படங்களில் மூன்று வகையைத் தெரிந்துகொண்டால் நமக்குப் போதும். முதலாவது, வாய்க்குள் சிறு தகட்டை வைத்து இரண்டு மூன்று பற்களை மட்டும் எடுக்கும் சிறிய படம். இரண்டாவது, முகத்தைச் சுற்றிக் கருவி வலம் வந்து இரு தாடைகளையும் ஒரே நீண்ட படமாக விரித்துக் காட்டும் ஓ.பி.ஜி. பின்லாந்து நாட்டுப் பாட்டெரோ என்பவர் உருவாக்கிய முறை இது. இவ்விரண்டும் தட்டையான படங்கள், அதாவது நிழல்கள். எலும்பு வெள்ளையாகவும் காற்று கறுப்பாகவும் விழும். சைனஸின் தரை, கறுப்பு அறையின் அடியில் மெல்லிய வெண்கோடாகத் தெரியும்.

நிழலில் ஒரு சங்கடம் உண்டு. மாலையில் எங்கள் கரையில் நின்று கடலைப் பார்த்தால், இரண்டு படகுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருப்பது போலத் தெரியும். உண்மையில் ஒன்று கரையோரம் இருக்கும், மற்றது வெகுதொலைவில் இருக்கும். மரக்காணத்துக் கலங்கரை விளக்கின் மேலிருந்து பார்ப்பவருக்கே நடுவிலுள்ள நீர்ப்பரப்பு புலப்படும். தட்டைப் படத்தில் பல்வேர் சைனஸிற்குள் நுழைந்திருப்பது போலத் தெரிவதும் பெரும்பாலும் இத்தகைய தோற்றமே. வேர் அறையின் ஓரமாக, அதன் சுவருக்கு வெளியே நின்றாலும் இரண்டின் நிழலும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துவிடும். ஓ.பி.ஜி.யில் இன்னொரு குறை, உருவம் உள்ள அளவைவிடக் கால்பங்கு அளவுக்குப் பெரிதாகத் தோன்றுவது. இடத்திற்கு இடம் அந்த மிகையும் மாறும். ஆகையால் எலும்பை அளக்க வேண்டுமானால், 5 மில்லிமீட்டர் உலோகக் குண்டு ஒன்றை ஈற்றின் மேல் ஒட்டி வைத்துப் படம் எடுத்து, குண்டு எவ்வளவு பெருத்திருக்கிறது என்று பார்த்துக் கணக்கிடும் வழக்கமும் உண்டு. எளிய வீதசமக் கணக்கு! கணிதம் எதற்கு என்று கேட்கும் தோழியருக்கு இதைச் சமர்ப்பிக்கிறோம்.

பெரியம்மாவுக்கு முதலில் ஓ.பி.ஜி. எடுத்தார்கள். அதற்கே ஒரு போராட்டம். மூக்குத்தியையும் கம்மலையும் கழற்றச் சொன்னபோது, "கல்யாணத்தன்று போட்ட மூக்குத்தி, இதுவரை கழற்றினதே இல்லை" என்றார். கம்மலாவது இருக்கட்டுமே, அது காதில்தானே இருக்கிறது என்று கெஞ்சினார். கம்மலுக்கும் கன்னத்துக்கும் என்ன உறவு என்று நாங்களும் நினைத்தோம். ஆனால் ஓ.பி.ஜி. கருவி தலையைச் சுற்றி வருவதால், ஒரு காதிலுள்ள கம்மலின் மங்கிய பொய்நிழல் எதிர்ப்பக்கத்தில், சற்று உயரத்தில், பெரும்பாலும் சைனஸின் மேலேயே போய் விழுமாம். நோயைத் தேடும் இடத்தில் கம்மலைக் கண்டு மருத்துவர் மயங்கக்கூடாதல்லவா? கடைசியில் சோப்புநீர் தடவி மூக்குத்தியையும் கழற்றினார்கள்.

படத்தில் அறையின் அடிக்கோடு ஓரிடத்தில் அறுந்திருந்தது. அதன் அருகே அரிசி முனை அளவில் வெள்ளையாக ஒன்று தெரிந்தது. உடைந்த வேர்த்துண்டு. அது பல்குழியின் சுவரிலேயே ஒட்டியிருக்கிறதா, அறைக்குள் விழுந்துவிட்டதா? கரையில் நின்று படகைப் பார்த்த கதைதான். தட்டைப் படத்தால் விடை சொல்ல முடியவில்லை. இங்கேதான் மூன்றாவது வகைப் படம் தேவைப்பட்டது.

உடலைக் குறுக்குவெட்டாகப் படமெடுக்கும் சி.டி. ஸ்கேனை உருவாக்கியவர் இங்கிலாந்தின் ஹௌன்ஸ்ஃபீல்டு. 1971-இல் முதல் நோயாளிக்கு அது எடுக்கப்பட்டது. 1979-இல் கோர்மாக் என்பவரோடு அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பற்களுக்கும் தாடைக்கும் என்றே அமைந்த சிறிய வகை 1990-களின் இறுதியில் இத்தாலியிலும் ஜப்பானிலும் உருவாயிற்று. கதிர் கூம்பு வடிவில் பாய்வதால் கூம்புக்கதிர் சி.டி. என்பர். மருத்துவமனைகளில் சி.பி.சி.டி. என்றால் புரிந்துகொள்வார்கள். நோயாளி தாடையை ஒரு தாங்கியில் ஊன்றி அசையாமல் இருக்கக் கருவி அரைநிமிடத்திற்குள் தலையை ஒரு முறை சுற்றி வந்து நூற்றுக்கணக்கான படங்களை எடுக்கிறது. கணினி அவற்றைச் சேர்த்து, உப்புக் கல்லைப் போன்ற சின்னஞ்சிறு கனசதுரங்களால் தாடையைக் கட்டி எழுப்புகிறது. ஒரு கனசதுரத்தின் பக்கம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு முதல் நான்கு பங்கு வரை. அப்படிக் கட்டிய தாடையை எந்தப் பக்கமாக வேண்டுமானாலும் ரொட்டித் துண்டு போல வெட்டிப் பார்க்கலாம், உள்ளது உள்ளபடி அளக்கவும் செய்யலாம்.

பெரியம்மாவின் வேர்த்துண்டு அறைக்குள்தான் இருந்தது. சவ்வு வீங்கியிருந்தது, மேல்மடை முழுவதும் அடைபடவில்லை. எந்த வழியாகச் சென்றால் துண்டை எடுக்கலாம், உடைந்த தரை எத்தனை மில்லிமீட்டர் அகலம் என்பதெல்லாம் கத்தியைத் தொடும் முன்பே டாக்டருக்குத் தெரிந்துவிட்டது. முதலில் மருந்து கொடுத்து, அறையைக் கழுவிச் சீழை அடக்கினார்கள். பிறகு துண்டை எடுத்து, கன்னப்பக்கத்து ஈற்றுச் சதையை இழுத்து மூடித் தைத்தார்கள். இரண்டு வாரம் மூக்கைச் சிந்தக்கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்துகொண்டு தும்ம வேண்டும், இளநீரைக் குழல் வைத்து உறிஞ்சக்கூடாது என்பவை கட்டளைகள். காரணம் எளிது. மூக்கில் அழுத்தம் கூடினால் தையலுக்குப் பின்னாலிருந்து காற்று தள்ளும்.

பல் போன பிறகும் அந்த எலும்பின் கதை முடிவதில்லை. வேர் இல்லாத எலும்புக்கு வேலை இல்லை. வேலை இல்லாததைக் கரைத்துவிடுவது உடலின் இயல்பு. கீழ்ப்புறம் எலும்பு தேய, மேற்புறம் சைனஸ் கீழ்நோக்கிப் பெருக, நடுவில் உள்ள எலும்பு இரு பக்கமும் கரைகிறது. சில ஆண்டுகளில் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் மிஞ்சியது என்ற நிலை வருவதும் உண்டு. இப்போது பலரும் விரும்பும் டைட்டானியம் திருகுப் பல்லுக்கு, சுவீடன் நாட்டுப் பிரோனமார்க் 1965-இல் முதல் நோயாளிக்குப் பொருத்திய அந்த முறைக்கு, பொதுவாக எட்டு அல்லது பத்து மில்லிமீட்டர் உயரமுள்ள எலும்பு இருந்தால் நலம். மேல்தாடையின் பின்பகுதி எலும்பு பஞ்சு போன்ற மென்மையும் உடையது. எலும்பு குறைந்தால் சைனஸின் சவ்வைக் கிழியாமல் மெல்ல உயர்த்தி, அடியில் எலும்புத் தூளை நிரப்பி உயரம் கூட்டுகிறார்கள். 1970-களில் அமெரிக்காவில் தொடங்கிய அறுவை இது. இதற்கு முன்பு படத்தில் பார்க்க வேண்டியவை பல. அறைக்குள் குறுக்குச் சுவர்கள் உண்டா? இலண்டன் அண்டர்வுட் 1910-இலேயே எழுதிய அச்சுவர்கள் இருந்தால் சவ்வு எளிதில் கிழியும். பக்கச் சுவரில் ஓடும் இரத்தக் குழாய் எங்கே? மடை திறந்திருக்கிறதா? இவற்றைப் பாராமல் திருகை முடுக்கி, அது சைனஸிற்குள் போய் விழுந்தால் வேர்த்துண்டு விழுந்த கதையேதான்.

மேல்தாடை எலும்பையும் சைனஸையும் படத்தில் பார்ப்பது உயிர்ப் பிரச்சினையான காலம் ஒன்றை நாம் அண்மையில் கண்டோம். 2021-இல் கொரோனாவின் இரண்டாம் அலையைத் தொடர்ந்து கருப்புப் பூஞ்சை நோய் நாடெங்கும் பரவியது. அவ்வாண்டு மே மாதம் தமிழ்நாட்டில் அது அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கப்பட்டது. சூன் இறுதியில் இந்தியாவில் 40,845 பேருக்கு அந்நோய் என்று மத்திய சுகாதார அமைச்சர் தெரிவித்தார். பூஞ்சை மூக்கின் வழியே சைனஸிற்குள் புகுந்து எலும்பின் இரத்த ஓட்டத்தையே அடைத்துவிடும். சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாதவர்களும், ஸ்டீராய்டு மருந்து பெற்றவர்களுமே மிகுதியாகப் பாதிக்கப்பட்டனர். பலர் முதலில் சொன்ன குறை என்ன தெரியுமா? "மேல்பல் ஆடுகிறது." சொத்தையில்லாத பற்கள், ஒரே பக்கத்தில், வரிசையாக ஆடின. அதைப் பல்நோய் என்று பிடுங்கிவிட்டால் நாட்கள் வீணாகும். சைனஸையும் எலும்பையும் படமெடுத்துப் பார்த்தவர்களே நோயை நேரத்தில் கண்டார்கள். மேல்தாடையின் ஒரு பாதியையே இழந்து உயிர் பிழைத்தவர்கள் பலர். அவர்களுக்குச் செயற்கைத் தாடை செய்து, உண்ணவும் பேசவும் வழி செய்தவர்களும் பல் மருத்துவர்களே.

இதற்கு எதிர்ப்புறமான தவறும் உண்டு. உப்பை வாரும்போது நாள் முழுவதும் குனிந்தே நிற்கும் பெண்கள், "குனிந்தால் மேல்பல்லெல்லாம் தெறிக்கிறது" என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். ஒரு பல்லைக் காட்டாமல் பல பற்களைக் காட்டுவதும், சளியோடு வருவதும், குனிந்தால் மிகுவதும் பெரும்பாலும் சைனஸ் வலியின் குணங்கள். நல்ல பல்லைப் பிடுங்கினால் அது தீராது. மாறாக, ஒரு பக்க மூக்கில் மட்டும் துர்நாற்றத்தோடு சீழ் வந்தால், மூக்கு மருத்துவர் பல்லையும் பார்க்கச் சொல்வார்.

அப்படியானால் எல்லோரும் போய் சி.பி.சி.டி. எடுத்துக்கொள்ள வேண்டுமா? வேண்டாம். கதிர் என்றாலே கல்பாக்கத்தை நினைப்பவர்கள் நம் கரையில் உண்டு. உண்மையில் மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் உணவிலிருந்தும் நம் எல்லோர்மீதும் இயற்கைக் கதிர் பட்டுக்கொண்டேயிருக்கிறது. உலகச் சராசரி ஆண்டுக்கு 2.4 மில்லிசீவெர்ட். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலில் அது இன்னும் அதிகம். சிறிய பல் படம் ஏறத்தாழ ஒரு நாள் இயற்கைக் கதிருக்கு ஈடு. ஓ.பி.ஜி. சில நாட்களுக்கு ஈடு. சி.பி.சி.டி.யோ கருவியையும் படமெடுக்கும் பரப்பையும் பொறுத்துச் சில நாள் முதல் பல வாரம் வரை செல்லும். ஆகவே சிறிய படம் விடை சொன்னால் அதோடு நிறுத்துவதே முறை. கருவிகளுக்கு உரிமம் தருவது 1983-இல் அமைந்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். கருவுற்ற பெண்கள் அதை முன்பே சொல்லிவிட வேண்டும், கூச்சப்படக் கூடாது.

ஆறு மாதம் கழித்துப் பெரியம்மா மீண்டும் புதுச்சேரிக்குச் சென்றார். தரை மூடியிருந்தது. எலும்பு நான்கு மில்லிமீட்டர் இருந்தது. சவ்வை உயர்த்தித் திருகுப் பல் வைக்கலாம், அல்லது கழற்றி மாட்டும் பல் போதும் என்றார் டாக்டர். பெரியம்மா கழற்றி மாட்டுவதையே கேட்டு வாங்கிக்கொண்டார். மூக்குத்தியும் பழைய இடத்திற்கு வந்துவிட்டது.

அந்த ஓ.பி.ஜி. படத்தை அவர் வீட்டில் மாதா படத்திற்குப் பின்னால், ரேஷன் கார்டோடு வைத்திருக்கிறார். குப்பத்தில் யாராவது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தால் கூப்பிட்டு உட்கார வைத்து, படத்தை எடுத்து வெயிலுக்கு எதிரே பிடித்து, கறுப்பாகத் தெரியும் அந்த அறையைக் காட்டுகிறார். பிறகுதான் கேட்கிறார்: "படம் எடுத்தியா?"